விரிப்பின் மறுமுனை

பாட்டுக்காரருக்கு அந்த மாதம் முழுக்கக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் வாசலுக்குப் போகத் தோன்றும். வாசலுக்கு வந்தால் உள்ளே என்ன நடக்கிறதோ என்றிருக்கும். வேலையிடத்தில் கேட்கவே வேண்டாம். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சலவைக் கூடத்தில் மூன்று பெரிய எந்திரங்களுக்கும் அவர்தான் பொறுப்பு. எந்திரம் ஓடும்போது பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அதன் கடகடப்புக்குத் தொடையில் தாளம் தட்டியபடி வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைக்கான பாட்டை முணுமுணுப்பது பத்தொன்பது வருஷத்துப் பழக்கம். ஆலயத்தில் பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவர். குரல் என்றால் அப்படியொரு குரல், கடைசி பெஞ்சில் தூங்கி வழிகிறவன்கூட நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவான். சலவைக் கூடத்திலும் சொந்தப் பேர் மறந்துபோய்ப் பாட்டுக்காரர் என்றே ஆகியிருந்தது. அப்பேர்ப்பட்டவர் ஒரு மாதமாக நாற்காலியைத் தொடவில்லை. எந்திரங்களுக்கும், கூடத்தின் கோடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த மேஜைக்கும் நடுவே சும்மா நடந்துகொண்டே இருந்தார்.

அந்த மேஜையருகே நின்றுகொண்டிருந்தது அவர் மனைவி.

வார்டுகளிலிருந்து இறங்கிவரும் அழுக்குத் துணியை அப்படியே எந்திரத்தில் கொட்டிவிட முடியாது. எடுத்த விரிப்பில் என்ன சுருண்டிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கரண்டி இருக்கும், மூக்குக் கண்ணாடி இருக்கும், மறந்துவிட்ட ஊசி இருக்கும். அதனால் மேஜையில் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறாமல், மெதுவாக விரித்து, மேலும் கீழும் பார்த்து, பிறகு கூடையில் விட வேண்டும். உதறினால் தூசி பறக்கும், தூசியில் என்ன இருக்குமோ ஆண்டவருக்குத்தான் தெரியும்.

பன்னிரண்டு வருஷமாக அங்கே நிற்பதால் அவளுக்கு மேஜையக்கா என்று பேர். காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட் தொடங்கும்போது இரண்டு உள்ளங்கையையும் மேஜைமேல் வைத்து ஒரே ஒரு வரி ஜெபம் சொல்வாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவாள். விரிப்பில் ஏதாவது கிடைத்தால் அலமாரியில் போட்டுவைத்து யாராவது தேடி வரட்டும் என்று இருக்க மாட்டாள். கழுவித் துடைத்து, சாப்பாட்டு நேரத்தில் தானே படியேறிப் போய்க் கொடுத்துவிட்டு வருவாள். ஒரு மோதிரம், ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை, யாரோ எழுதி முடிக்காத கடிதம் என்று எத்தனையோ. "அக்கா, உங்க டீ ஐஸ் ஆயிடுச்சு" என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். அவள் அந்த ஆறின டீயை மடமடவென்று குடித்துவிட்டு மேஜைக்குப் போய்விடுவாள்.

அப்புறம் ஊரில் அந்தத் தொற்றுக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் மாடி முழுவதையும் தனி வார்டாக்கினார்கள். அங்கிருந்து துணி மஞ்சள் பைகளில் கட்டி இறங்கியது. ஒரு நாள் முழுக்கப் பூட்டிய அறையில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் பிரிக்க வேண்டும் என்று உத்தரவு. மேஜையில் நான்கு பேர் இருந்தார்கள். முதல் வாரத்தில் இரண்டு பேர் நின்றுபோனார்கள். மூன்றாவது ஆள், மனைவிக்கு எதிரே எட்டு வருஷமாக மறுமுனையைப் பிடித்தவள். வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பதால் அவளைப் பட்டாசு என்பார்கள். அந்தப் பட்டாசே ஒரு நாள் சத்தமில்லாமல் வந்து நின்றாள்.

"அக்கா, வீட்ல அப்பாவுக்கு மூச்சு விடறதே பெரும்பாடா இருக்குக்கா. நான் எதையாவது கொண்டு போய்..."

"நீ மடிக்கிற பக்கம் போயிடும்மா. நான் பாத்துக்கறேன்."

"ஒத்தையா எப்படிக்கா?"

"கிளிப் இருக்கில்ல?"

மேஜை விளிம்பில் இரண்டு இரும்புக் கிளிப்பை மாட்டி, விரிப்பின் இரண்டு மூலைகளை அதில் கவ்வவிட்டு, மறுபக்கம் சுற்றிவந்து மற்ற இரண்டு மூலைகளைத் தூக்குவாள். பார்த்து முடித்ததும் மறுபடி சுற்றிப்போய்க் கிளிப்பைக் கழற்ற வேண்டும். ஒரு விரிப்புக்கு ஒரு பிரதட்சிணம். மதியத்துக்குள் கால் வீங்கிவிடும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பாட்டுக்காரர் அதைப் பார்ப்பார், பிறகு மறுபடி நடக்கத் தொடங்குவார்.

வீட்டில் அவர்கள் மகள் இருந்தாள், ஏழு மாதக் கர்ப்பம். அவர்களுக்கு அவள் இன்னும் பாப்பாதான். அவள் புருஷன் கப்பலில் வேலைக்குப் போயிருந்தான். அதனால் மனைவி வீட்டுக்குள் நுழைவதில்லை. பின்பக்கக் குளியலறையில் குளித்து, துணியை வெந்நீரில் போட்டு, பின்னறையில் தனியாக இருந்துகொள்வாள். பாட்டுக்காரர் ரொட்டியும் முட்டையும் வைத்த தட்டைக் கதவடியில் வைத்துவிட்டு நான்கு அடி தள்ளி ஸ்டூல் போட்டு உட்காருவார். அவர்கள் குடும்பம் நடத்தியது அந்த நான்கு அடி தூரத்தில்தான்.

"எல்லாரும் ஒதுங்கிட்டாங்க. உனக்கு மட்டும் என்ன?" என்று தினமும் போல அன்றைக்கும் ஆரம்பித்தார்.

"அவங்கவங்களுக்கு வீட்ல ஒரு காரணம் இருக்குங்க."

"நமக்கு இல்லையா? உள்ள ஒருத்தி வயித்தத் தள்ளிக்கிட்டு உக்காந்திருக்கா."

"அதுக்குத்தானே நான் இங்க உக்காந்திருக்கேன்."

"லீவு போடு."

"போட்டா அந்தப் பைய யாருங்க பிரிப்பா?"

"யாராவது பிரிப்பாங்க."

"அந்த யாராவது யாரு? பேர் சொல்லுங்க, நாளைக்கே லீவு எழுதித் தர்றேன்."

பாட்டுக்காரர் பேச்சை மாற்றினார்.

"போதகர் கேக்கறாரு. நாலு வாரமா ஆராதனைக்கு ஆளக் காணோமேன்னு."

"நான் வந்தா பக்கத்துல உக்கார்றவங்களுக்கு ஆபத்தில்லையா? எனக்கு ஆராதனை ஏழு மணிக்கு ஆரம்பிக்குதுன்னு சொல்லுங்க."

"ஏழு மணிக்கு ஷிஃப்ட்டுதான் ஆரம்பிக்குது."

"அதத்தாங்க சொல்றேன்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவருக்குத்தான் அது சுருக்கென்று தைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அவர் பாடினார். தன்னையே முழுசாகக் கொடுத்துவிடுவதைப் பற்றிய பாட்டு, அவரே தேர்ந்தெடுத்தது. முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மூன்றாவது அடியில் அவருக்கே வாய் கூசியது. என்னத்தைக் கொடுத்தேன் என்று உள்ளே ஒரு கேள்வி எழும்பியது, அதைக் குரலை உயர்த்தி அமுக்கினார். ஜனங்கள் அதைத் தாளாத பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால் மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மா இருமறாங்க."

"எப்ப?"

"காலைலருந்து மூணு தடவ. நான் எண்ணிக்கிட்டே உக்காந்திருக்கேன்."

பின்னறைக் கதவுக்கு உள்ளிருந்து குரல் வந்தது. "சோப்புத் தூள் மூக்குல ஏறிடுச்சும்மா. அதுக்குப் போய் அப்பாகிட்ட புகாரா?"

மகள் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானே அங்க எந்திரத்துக்கு எல்லாம். உங்களால நிறுத்த முடியாதாப்பா? எப்படியாவது நிறுத்துங்க."

எப்படியாவது என்ற அந்த ஒரு சொல் அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நீராவி ஏற வேண்டுமென்பதால் பாட்டுக்காரர் எப்போதும் அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுவார். பூட்டிய அறையின் சாவி அவரிடம்தான். மஞ்சள் பைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி மேஜைக்குத் தள்ளிக்கொண்டு போவதும் அவர் வேலைதான். திங்கட்கிழமை காலையில் அவர் வண்டியை மேஜைப் பக்கம் திருப்பவில்லை. நேராக மூன்றாவது எந்திரத்துக்குப் போனார். கையுறை போட்டுக்கொண்டு நான்கு பைகளின் முடிச்சையும் அவிழ்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருந்ததை உருண்டையாகவே எந்திரத்தின் வயிற்றில் கொட்டினார். கதவை அறைந்து சாத்தினார். சூட்டைக் கடைசிக்குத் திருப்பினார். மொத்தம் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இவ்வளவு சுலபமான காரியத்துக்கா ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம் என்றிருந்தது.

ஏழு மணிக்கு அவள் வந்தாள். மேஜையில் கை வைத்து ஜெபித்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"ஏங்க, பை வரலியா?"

"வரல." முகத்தைத் திருப்பி எந்திரத்தின் முள்ளைப் பார்த்தார். "மேல ஆள் குறைஞ்சுட்டாங்க போல."

முகமூடிக்கு மேலே தெரிந்த அவள் கண்கள் அகலமாயின. "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று கூடத்துக்கே கேட்கச் சொன்னாள். மடிக்கும் பக்கத்திலிருந்து பட்டாசு எட்டிப் பார்த்தாள். "பை வரலம்மா, குணமாகிப் போறாங்கம்மா!" என்று அவளிடமும் கூவினாள். மற்ற வார்டுத் துணி முடிந்ததும் சும்மா இருக்கத் தெரியாமல் அன்றைக்கு மேஜையை நான்கு தடவை கழுவினாள்.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. புதன்கிழமையும் அதே கதை. அவளுக்கு வந்த சந்தோஷம் அவருக்கு நிம்மதியைத் தந்திருக்க வேண்டும், தரவில்லை. சாயங்காலம் கதவுக்கு அந்தப் பக்கம் தாயும் இந்தப் பக்கம் மகளுமாகச் சுகமாகி வீட்டுக்குப் போனவர்களுக்காக நன்றி சொல்லி ஜெபம் செய்தார்கள். நடுவில் ஸ்டூலில் இருந்த பாட்டுக்காரர், ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் தொண்டையைச் செருமிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

புதன் மத்தியானம் சூப்பர்வைசர் கையில் பேரேட்டோடு இறங்கி வந்தார். கெட்டவர் இல்லை, மேலேயிருந்து ஏச்சு விழுந்தால் அதைக் கீழே இறக்காமல் வைத்திருக்கத் தெரியாதவர்.

"மேஜையக்கா, அஞ்சாம் மாடில பதினொண்ணாம் கட்டில் பெரியவரோட காது மெஷின் காணோம். திங்கக்கிழமை ஷீட்டு மாத்தினதுலருந்து இல்லையாம். வார்டு பூரா தேடிட்டாங்க. செவ்வாக்கிழமை பைல வந்ததா?"

"பையே வரலியே சார்."

"என்னது?"

"மூணு நாளா மஞ்சள் பையே வரல சார்."

அவர் பேரேட்டைப் பிரித்து அவள் முன்னால் நீட்டினார். "இந்தாங்க. தினம் நாலு பை. இறக்கினவன் கையெழுத்து இருக்கு. அப்ப அந்தப் பை எல்லாம் காத்துல கரைஞ்சு போச்சா?"

இஸ்திரி போடும் சத்தம் நின்றது. மடிக்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டுக்காரர் மட்டும் மூன்றாவது எந்திரத்தின் பின்னால் போய், துணிநார் தங்கும் வடிகட்டியைக் கழற்றினார். நாருக்குள் கை விட்டார். விரல் நுனி அளவில், ஊதிப்போன ஒன்று, ஒரு துண்டுக் குழாயோடு அகப்பட்டது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தலைக்குள் எந்திரம் ஓடியது.

"பயந்து போய்ப் பிரிக்காமலே எந்திரத்துக்கு அனுப்பிட்டீங்க, அதானே?" என்றார் சூப்பர்வைசர். "பயம்னா பயம்னு சொல்லியிருக்கலாமே. நாலு தடவ மேஜையக் கழுவி நாடகம் எதுக்கு?"

பட்டாசு கையிலிருந்த துண்டை அப்படியே வைத்துவிட்டு வந்தாள். அவள் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் இருந்தது.

"அக்கா, நீங்களுமா? அப்பாவ அண்ணன் வீட்டுக்கு அனுப்பிட்டு நாளைக்கு மேஜைக்கு வர்றதா இருந்தேன். உங்களப் பாத்துத்தான்க்கா. ஒத்தையா அந்தக் கிளிப்ப மாட்டிக்கிட்டு நீங்க சுத்திச் சுத்தி வர்றதப் பாத்துட்டு எனக்குச் சோறு இறங்கல. நல்ல வேளை, வரல."

மனைவி மெதுவாகத் திரும்பி எந்திரங்கள் பக்கம் பார்த்தாள். பாட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவருடைய கை சட்டைப் பைமேல் இருந்தது. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது போதும்.

"என் மேஜை சார்" என்றாள். "பை வரலன்னதும் ஏன் வரலன்னு நான் போய்ப் பாத்திருக்கணும். பாக்கல. அது என் தப்பு."

"நாளைக்குக் காலைல அத எழுதிக் குடுங்க. நீங்க இங்க வேணுமா வேண்டாமான்னு மேல முடிவு பண்ணுவாங்க."

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவள் பத்தடி முன்னால் நடந்தாள். காய்ச்சல் வந்ததிலிருந்து அப்படித்தான் நடப்பார்கள். ஆனாலும் அன்றைக்கு அந்தப் பத்தடி அவருக்குக் கடக்க முடியாத தூரமாக இருந்தது. திரும்பிப் பார்த்து நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று நினைத்தார். அவள் திரும்பவில்லை.

வீட்டில் தட்டு கதவடியிலேயே இருந்தது. உள்ளே காகிதம் சரசரத்தது. பாட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்ததை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"திட்டிடு" என்றார்.

"எதுக்குங்க?"

"உனக்காகத்தான் செஞ்சேன். பாப்பாவுக்காக."

"தெரியும்."

"தெரியுமில்ல? பின்ன ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

காகிதச் சரசரப்பு நின்றது. பிறகு பேசினாள்.

"மூணு நாள் ஸ்தோத்திரம் சொன்னேங்க. பாப்பாவையும் சொல்ல வச்சேன். நான் இங்க கையெடுத்துச் சொல்லிக்கிட்டிருந்த நேரத்துல அங்க ஒரு மனுஷன் காது கேக்காம கிடந்திருக்காரு. எல்லாரும் முகமூடி. உதட்டப் பாத்தாவது புரிஞ்சுக்கலாம்னா அதுக்கும் வழியில்ல. யாரு வர்றாங்க, என்ன ஊசி போடறாங்க, ஒண்ணும் தெரியாது. ரெண்டு நாளா."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கதவைத் திறந்து உள்ளே போக முடியாத புருஷன் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் பண்ணேன்னு எழுதிடு" என்றார் கடைசியில்.

"அது நீங்க சொல்ல வேண்டியதுங்க. நான் எப்படி எழுதறது? என் தப்ப மட்டும் எழுதியிருக்கேன்."

"சொன்னா எந்திரத்த விட்டு எடுத்துடுவாங்க! பத்தொம்பது வருஷம்! ஆலயத்துல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு முன்னாடி நின்னு பாடறது?"

"சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சண்டைக்கு வருகிறவளிடம் ஜெயித்துவிடலாம், இவளிடம் எதைக் கொண்டு ஜெயிப்பது? எழுந்து கூடத்துக்கு வந்தார். அங்கே மகள் ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் பரப்பி, வயிறு இடிக்க இடிக்க உட்கார்ந்து தடிப் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அட்டையிலும் உள்ளங்கை அளவு எழுத்து. வலிக்கிறதா? தண்ணீர் வேண்டுமா? உங்கள் மகள் போன் செய்தாள்.

"என்னம்மா இது?"

"அந்தப் பெரியவருக்குக் கண்ணு தெரியுமில்லப்பா? நர்ஸுங்க கைல குடுத்துட்டா காட்டுவாங்க." பேனாவைக் கீழே வைத்தாள். "நான்தானே உங்ககிட்ட எப்படியாவதுன்னு அழுதேன். எனக்கும் பங்கு இருக்கு."

அவர் ஒரு காலி அட்டையைக் கையில் எடுத்தார். எழுத வரவில்லை. திருப்பி அங்கேயே வைத்துவிட்டார்.

ஜன்னல் கட்டையில் இருந்ததை மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வியாழக்கிழமை காலையும் அரை மணி முன்னதாகப் போனார். அறையைத் திறந்தார். நான்கு மஞ்சள் பைகள். அவற்றையும் மூன்றாவது எந்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இன்றைக்கும் கொட்டிவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வரத்தான் செய்தது, இல்லையென்று சொன்னால் பொய். நீராவியை ஏற்றினார். வண்டியில் பைகளை ஏற்றி மேஜைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

ஏழு மணிக்கு எல்லாரும் வந்து நின்றார்கள். சூப்பர்வைசர் கையை நீட்டினார். மனைவி நான்காக மடித்த காகிதத்தை எடுத்தாள்.

"சார்."

ஆலயத்தை நிறைக்கிற குரல் அது. அன்றைக்கு ஒரு முழம்கூடப் போகவில்லை. பாட்டுக்காரர் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"சார், நான்தான். பை வந்துச்சு. மூணு நாளும் வந்துச்சு. அவ வர்றதுக்கு முன்னாடி நான் பிரிக்காம எந்திரத்துல போட்டுட்டேன். அவகிட்ட வரலன்னு பொய் சொன்னேன்." சட்டைப் பையிலிருந்து ஊதிப்போன காது மெஷினை எடுத்து நீட்டினார். "இது நேத்தே ஃபில்டர்ல கிடைச்சுது. நேத்து நீங்க அவளத் திட்டினப்ப என் பைலதான் இருந்துச்சு."

சூப்பர்வைசரின் முகம் சிவந்தது.

"ஏன்யா, உனக்கு அறிவிருக்கா? உள்ள ஊசி இருந்து எவன் கைலயாவது ஏறியிருந்தா? துணி சரியா வெளுக்காம அடுத்த நோயாளிக்குப் போயிருந்தா? இந்த நிமிஷத்துலருந்து எந்திரத்தத் தொடாத."

"சரி சார்."

"நான் மேல எழுதத்தான் போறேன்."

"எழுதுங்க சார். அவங்க சொல்ற வரைக்கும் மேஜைல நிக்கறேன்."

"அங்கயா? அங்க நிக்க ஆளே கிடையாதுய்யா."

"ஒருத்தி இருக்கா சார்" என்றார் பாட்டுக்காரர்.

பிளாஸ்டிக் மேலங்கியை அவர் முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டார். மனைவி கழற்றச் சொல்லித் திருப்பிப் போடவைத்தாள். முகமூடியின் ஓரத்தை அழுத்திக் காட்டினாள், அவர் தன்னுடையதை அழுத்திக்கொண்டார். பிறகு அவள் மேஜைமேல் உள்ளங்கைகளை வைத்தாள். அவரும் வைத்தார். ஆலயத்தில் ஜெபம் என்றால் ஐந்து நிமிஷம் ஆறு நிமிஷம் சளைக்காமல் அடுக்குகிறவர். இப்போது ஒரு சொல் வரவில்லை. அவள் சற்று நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தன்னுடைய வரியைச் சொன்னாள்.

"ஆண்டவரே, இந்தத் துணியில படுத்தவங்க உம்முடையவங்க, எங்க கையும் உம்முடையது."

பன்னிரண்டு வருஷமாக அது 'என் கை'யாகத்தான் இருந்திருக்கும். பாட்டுக்காரருக்குக் கண் கரித்தது. கையுறை போட்ட கையால் துடைக்கக் கூடாது என்பதால் அப்படியே விட்டுவிட்டார்.

"கிளிப்ப எடுத்துடுங்க. இந்த மூலையப் பிடிங்க. உதறாதீங்க. உதறாதீங்கன்னு சொல்றேனில்ல!"

"உதறல, கை நடுங்குது."

"நடுங்கட்டும். மெதுவா."

முதல் விரிப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு ஊசி மூடி. மூன்றாவது சுருளைப் பிரிக்கையில் ஓரத்தில் தைத்திருந்த எண்ணைப் பார்த்தார்கள். பதினொன்று. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இன்னும் மெதுவாக விரித்தார்கள். கடைசி மடிப்பிலிருந்து என்னவோ நழுவி மேஜையில் டக்கென்று விழுந்தது. இளஞ்சிவப்பு ஈறோடு, முப்பத்திரண்டில் பாதி, ஒரு மேல்வரிசைப் பல்செட். மேஜையில் கிடந்து அவர்களைப் பார்த்துச் சிரித்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற பட்டாசுதான் முதலில் வெடித்தாள். "பதினொண்ணா? மறுபடியுமா? அந்த மனுஷன் ஆஸ்பத்திரிய விட்டுப் போறதுக்குள்ள கண்ணு, காது, மூக்கு எல்லாத்தையும் சலவைக்குப் போட்டுடுவாரு போலிருக்கே!"

கூடமே சிரித்தது. மனைவி முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. பாட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது எந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். இன்றைக்கும் கொட்டியிருந்தால் இது இத்தனை நேரம் உள்ளே உருண்டுகொண்டிருக்கும்.

"நான் கொண்டு போய்க் குடுத்துட்டு வரட்டா?" என்று கேட்டார்.

"மருந்துத் தண்ணில கழுவிட்டுப் போங்க. பாப்பா அட்டையெல்லாம் என் பைல இருக்கு."

ஐந்தாம் மாடியில் பெரிய கண்ணாடிக் கதவு. அதற்கு இந்தப் பக்கம் நின்று நர்ஸிடம் பல்செட் இருந்த கிண்ணத்தையும் அட்டைகளையும் ஒரு தடிப் பேனாவையும் கொடுத்தார். ஓர் அட்டையையும் தன் பேனாவையும் மட்டும் தானே வைத்துக்கொண்டார். கதவுக்கு அருகிலேயே பதினொன்றாம் கட்டில். பெரியவர் மெலிந்து, தலையணையில் சாய்ந்து, எதையும் எதிர்பாராதவர்போல் கிடந்தார். நர்ஸ் தோளைத் தொட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பின்னால் வருகிறவர்களின் சத்தம் கேட்காத மனுஷன். பாட்டுக்காரர் அதைப் பார்த்தார்.

தன் அட்டையின் பின்பக்கம் படியேறும் வழியில் நின்று அவர் எழுதியிருந்ததைக் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். உங்கள் காது மெஷினைப் பாழாக்கியது நான். வேறு செய்து தருகிறேன். மன்னியுங்கள்.

பெரியவர் அதை எழுத்தெழுத்தாகப் படித்தார். பாட்டுக்காரரை உற்றுப் பார்த்தார். நர்ஸ் கொடுத்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு எழுதினார், கோணல்மாணலாக இருந்தது. மூன்று நாள் செத்துக் கிடந்தேன்.

பாட்டுக்காரர் அட்டையை இறக்கவில்லை. அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ள வேண்டியவர் தான்தான் என்று தெரிந்து நின்றார்.

பெரியவர் கிண்ணத்திலிருந்ததை எடுத்து வாயில் பொருத்தினார். தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். முகத்துக்கு ஒரு வடிவம் வந்தது. மறுபடி எழுதினார். பல்லைக் கண்டெடுத்தது யார்?

பாட்டுக்காரர் விரலால் தன்னையும், பிறகு தரையைக் காட்டிக் கீழேயும் சுட்டினார். அது புரியவில்லை. அட்டையின் மிச்ச இடத்தில் எழுதிக் காட்டினார். நானும் என் மனைவியும்.

நீ என்ன வேலை?

எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். எந்திரப் பொறுப்பாளர் என்பார், கூடவே ஆலயத்தில் பாடகர் குழுத் தலைவர் என்பதையும் எப்படியாவது சொருகிவிடுவார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எழுதினார். கீழே விரிப்பு பிரிக்கிறேன்.

பெரியவர் தலையாட்டினார். அட்டையைத் திருப்பி, மிச்சமிருந்த ஓரத்தில் இரண்டே சொல் எழுதிக் காட்டினார்.

பாட்டுக்காரர் படியிறங்கி வந்தபோது அவர் இடத்தில் பட்டாசு நின்றுகொண்டிருந்தாள், மேலங்கியும் கையுறையுமாக, விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்தபடி.

"தள்ளி நில்லுங்கண்ணே. இது என் மூலை. எட்டு வருஷம் பிடிச்சது. நீங்க பிடிக்கிறதப் பாத்தா பாவாடைக்கு நாடா கோக்கற மாதிரி இருக்கு. போய்ப் பையத் தூக்குங்க."

மனைவி விரிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "என்னங்க சொன்னாரு பெரியவரு?"

"நாளைக்கும் பார்னு சொன்னாரு."

"பாப்போம்" என்றாள் அவள். விரிப்பு கூடையில் விழுந்தது. பாட்டுக்காரர் குனிந்து அடுத்த மஞ்சள் பையின் முடிச்சை அவிழ்த்தார்.